ஏ குரூப் தம்பி, ஓ குரூப் அக்கா

ஒரு வீட்டில் அக்காவுக்கு ஓ பாசிட்டிவ், தம்பிக்கு ஏ பாசிட்டிவ். தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது. ஸ்டெம் செல் மாற்றினால் பிழைப்பான் என்கிறார்கள் டாக்டர்கள். வீட்டில் இன்னொரு பிள்ளையும் உண்டு, ஏ பாசிட்டிவ் அண்ணன். “என்னோடதுதான் அவனுக்குச் சேரும், எடுத்துக்கோங்க” என்று கையை நீட்டுகிறார். பரிசோதனை முடிவோ வேறு மாதிரி வருகிறது: அண்ணனுடையது சேரவில்லை, அக்காவுடையது சேர்கிறது. சிகிச்சை முடிந்து நாலைந்து மாதம் கழித்துத் தம்பியின் ரத்தத்தைச் சோதித்தால் ஓ பாசிட்டிவ் என்று வருகிறது.

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரிகளில் இப்படி நடப்பது சாதாரணம். மற்றவர்களுக்கு இதில் இரண்டு புதிர்கள் இருக்கின்றன. குரூப் ஒன்றாக இருந்தும் அண்ணன் ஏன் ஆகவில்லை? சாகும்வரை மாறாது என்று நம்பி ஸ்கூல் ஐடி கார்டிலும் டிரைவிங் லைசென்ஸிலும் அச்சடித்துக்கொள்கிற ரத்த குரூப், தம்பிக்கு மட்டும் எப்படி மாறியது?

குரூப் பார்ப்பதைப் பலரும் நேரில் பார்த்திருப்போம். வெள்ளை டைல் ஒன்றில் மூன்று சொட்டு மருந்து விடுகிறார்கள். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், மூன்றாவதற்கு நிறமில்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை ஒவ்வொரு சொட்டிலும் சேர்த்துக் குச்சியால் கலக்கி, டைலைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் சாய்க்கிறார் லேப் டெக்னீஷியன். ஒரு நிமிடம் போவதற்குள் நீலச் சொட்டில் ரத்தம் திரிந்து குறுணை குறுணையாக ஒதுங்குகிறது. மஞ்சள் சொட்டு வழவழவென்று ஒரே சிவப்பாக நிற்கிறது. நிறமில்லாத சொட்டும் திரிகிறது. ஏ பாசிட்டிவ் என்று எழுதிவிடுகிறார்.

திரிவதற்குக் காரணம் சர்க்கரை. சிவப்பணுவின் மேல்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சின்னச் சின்னச் சங்கிலிகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏ குரூப்காரருக்குச் சங்கிலியின் நுனியில் ஒருவகைச் சர்க்கரை, பி குரூப்காரருக்கு வேறொரு வகை. ஏபி என்றால் இரண்டும் உண்டு. ஓ என்றால் அந்தக் கடைசிச் சர்க்கரை இல்லாமல் சங்கிலி மொட்டையாக நிற்கும். நீலச் சொட்டில் ஏ சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்பொருள் இருக்கிறது. அது பக்கத்துப் பக்கத்துச் சிவப்பணுக்களைப் பிணைப்பதால்தான் ரத்தம் திரிகிறது. மஞ்சள் பி-க்கு உரியது. நிறமில்லாதது ஆர்எச் டி என்னும் புரதத்துக்கு உரியது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது அதைத்தான்.

வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-ல் வெளியிட்டதும் இந்தத் திரிதலைப் பற்றித்தான். தன்னுடைய ரத்தத்தையும் லேபில் உடன் வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவரின் சிவப்பணுவை இன்னொருவரின் சீரத்தோடு, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரோடு, கலந்து கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே போனார். யாரோடு யார் திரிகிறார்கள் என்பதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. அந்த ஒழுங்குதான் குரூப். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு விஷயம் வெகுகாலம் விளங்காமல் இருந்தது. ஏ குரூப் ஆளின் சீரத்தில் பி-யை எதிர்க்கும் எதிர்ப்பொருள் தயாராக இருக்கிறது. அவருக்கு பி ரத்தம் ஏற்றியதே இல்லை. சந்திக்காத எதிரிக்கு எதிராக உடம்பு எப்படி ஆயத்தமானது? 1959-ல் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் குழுவினர் கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதித்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளின் ரத்தத்தில் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகவில்லை. சாதாரணமாக வளர்ந்த குஞ்சுகளுக்கு உருவானது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சிலவற்றின் மேல் ஏ, பி சர்க்கரைகளைப் போன்றவை இருக்கின்றன. குழந்தைப் பருவத்திலேயே உடம்பு அவற்றைப் பார்த்து, தன்னிடம் இல்லாததை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. தன்னிடம் இருக்கும் சர்க்கரையை மட்டும் அது எதிர்ப்பதில்லை.

அதனால் ரத்த வங்கியில் சிவப்பணுவோடு நிறுத்திக்கொள்ளாமல் சீரத்தையும் சோதிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் குரூப் உறுதி. 1952-ல் பம்பாயில் ஒய். எம். பெண்டே குழுவினர் கண்டறிந்த ‘பாம்பே குரூப்’ ஒரு நல்ல உதாரணம். டைலில் ஓ போலவே இருக்கும் அந்த ரத்தத்தின் சீரம், மற்றவர்களின் ஓ ரத்தத்தையே திரிய வைத்துவிடும்.

இப்போது தம்பியிடம் வருவோம்.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்தான் உயிர் வாழும். பழையது அழிய அழியப் புதியது வந்துகொண்டே இருக்க வேண்டும். இடுப்பெலும்பு, மார்பெலும்பு போன்றவற்றின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் அது நடக்கிறது. மஜ்ஜையில் மிகச் சிறிய எண்ணிக்கையில் ஒருவகைச் செல்கள் உண்டு. அவை தம்மைப் போன்றவற்றையும் பெருக்கிக்கொள்ளும், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாமாகவும் மாறும். ரத்தத்துக்கெல்லாம் மூலம் என்பதால் தமிழில் இவற்றை மூல உயிரணு என்கிறோம். ஸ்டெம் செல் என்பதும் இதுதான்.

இது ஊகம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அணுக்கதிர் பட்ட உடம்பை எப்படிக் காப்பாற்றுவது என்று பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். சாகும் அளவுக்குக் கதிர் பட்ட எலிக்கு வேறொரு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினால் அது பிழைத்துக்கொண்டது. ஏற்றிய மஜ்ஜையில் இருந்த ஏதோ ஒரு சத்து, எலியின் சொந்தச் செல்களைத் தேற்றியதா? அல்லது வந்த செல்களே குடியேறிப் பெருகினவா? இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஃபோர்டு குழுவினர் 1956-ல் இதைத் தீர்த்து வைத்தார்கள். பார்த்தவுடனே அடையாளம் தெரிகிற, வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோம் கொண்ட எலிகளிடமிருந்து மஜ்ஜையை எடுத்து ஏற்றினார்கள். சில நாள் கழித்துப் பிழைத்த எலியின் மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, பிரிந்துகொண்டிருந்த செல்களில் அந்தச் சின்ன குரோமோசோம் இருந்தது. வந்தவைதான் குடியேறியிருந்தன. 1961-ல் டொரன்டோவில் டில், மெக்கல்லக் இருவரும், ஏற்றிய மஜ்ஜைச் செல்கள் எலியின் மண்ணீரலில் முடிச்சு முடிச்சாக வளர்வதைக் கண்டார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து பெருகியது என்பது அடுத்த இரண்டு வருடத்தில் நிரூபணமானது.

தம்பிக்கு நடந்ததும் இதுதான். கடுமையான கீமோதெரபியால் அவனுடைய நோயுற்ற மஜ்ஜையை அழித்துவிட்டு, அக்காவின் மூல உயிரணுக்களைச் சாதாரண ரத்தம் ஏற்றுவது போலவே ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். அவை ரத்தத்தில் சுற்றி, எலும்புக்குள் தங்களுக்கான இடத்தைத் தாங்களே கண்டுபிடித்துக் குடியேறின. இரண்டு, மூன்று வாரத்தில் புது வெள்ளணுக்கள் தலைகாட்டின. சிவப்பணு தயாரிப்பும் தொடங்கியது. அக்காவின் மரபணுவைப் படித்துத் தயாராகிற சிவப்பணு ஓ குரூப்பாகத்தானே இருக்கும்? தம்பியின் பழைய ஏ சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து குறைய, ஓ சிவப்பணுக்கள் கூடின. நடுவில் சில வாரம் டைலில் வினோதமாகத் தெரியும்: நீலச் சொட்டில் ஒரு பகுதி திரியும், மீதி திரியாமல் சிவப்பாகவே மிதக்கும். அந்த நாட்களில் ரத்தம் தேவைப்பட்டால் எந்தக் குரூப் கொடுப்பது என்பதை ரத்த வங்கி தனியாக எழுதி வைத்துக்கொண்டு கவனிக்க வேண்டியிருக்கும்.

எனக்கு இதைவிட அதிசயமாகப் படுவது ஒன்று உண்டு. ஓ குரூப் ஆளின் சீரத்தில் ஏ-க்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்க வேண்டும். குரூப் மாறிய தம்பியின் சீரத்தில் அது பெரும்பாலும் உருவாவதே இல்லை. அவனுடைய ரத்தம்தான் அக்காவுடையது. தோலும் குடலும் ரத்தக் குழாய்ச் சுவரும் பழைய தம்பிதான். அவற்றின் மேல் ஏ சர்க்கரை இன்னமும் இருக்கிறது. அக்காவிடமிருந்து வந்த வெள்ளணுக்கள் இந்தப் புது வீட்டில் வளரும்போது, ஏ சர்க்கரையும் இங்கே நம்முடையதுதான் என்று ஏற்றுக்கொள்கின்றன. விவரம் தெரியாத ஒரு லேபில் கொடுத்தால் சிவப்பணு ஓ என்று சொல்லும், சீரம் ஏ என்று சொல்லும். முன்பு மாற்று சிகிச்சை நடந்ததா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இரண்டாவது புதிர் தீர்ந்தது. முதலாவது இன்னும் இருக்கிறது: ஏ குரூப் அண்ணன் ஏன் ஆகவில்லை?

மூல உயிரணுவின் மேல் ஏ, பி சர்க்கரைகள் கிடையாது. அவை பின்னால் சிவப்பணுவாக முதிரும்போதுதான் வருகின்றன. ஆகவே குரூப் வேறுபட்டால் டாக்டர்கள், ஏற்றும் பையிலிருந்து சிவப்பணுவையோ பிளாஸ்மாவையோ குறைப்பது போன்ற சில முன்னெச்சரிக்கை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பொருத்தம் பார்ப்பது வேறொன்றில். அதற்கு எச்எல்ஏ என்று பெயர்.

உடம்பின் செல்கள் எல்லாவற்றிலும், சிவப்பணு போன்ற சில தவிர, எச்எல்ஏ புரதங்கள் மேல்பரப்பில் இருக்கின்றன. அவற்றின் வேலையை பெங்களூரின் மர்பி டவுன் மார்க்கெட்டில் ஒரு கடையை வைத்துச் சொல்லலாம். உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று தெரிய, கடைக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து வாசலில் தட்டில் வைக்கிறார். செல்லும் அப்படித்தான், உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை எச்எல்ஏ என்னும் தட்டில் வைத்து வெளியே காட்டுகிறது. ரோந்து வரும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் தட்டையும் அதிலிருக்கும் துணுக்கையும் சேர்த்தே பார்க்கின்றன. துணுக்கு வைரஸுடையது என்றால் அந்தச் செல்லை அழிக்கின்றன. தட்டே ஊருக்குப் புதிது என்றால்? அப்போதும் அழிக்கத்தான் பார்க்கும். மாற்று சிகிச்சையில் இது இரண்டு பக்கமும் நடக்கலாம். நோயாளியின் மிச்ச வெள்ளணுக்கள் வந்தவற்றை விரட்டலாம். வந்த வெள்ளணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம். இரண்டாவதுதான் டாக்டர்கள் அதிகம் அஞ்சுவது.

எச்எல்ஏ கண்டுபிடிக்கப்பட்ட விதத்தில் தாய்மார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1958-ல் பாரிஸில் ழான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரம் மற்றவர்களின் வெள்ளணுவைத் திரிய வைப்பதைக் கண்டு முதல் எச்எல்ஏ வகையை அறிவித்தார். அதே காலத்தில் ஹாலந்தில் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும், ரத்தமே ஏற்றாத, ஆனால் பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்திலும் அதே எதிர்ப்பொருளைக் கண்டார்கள். வயிற்றுப் பிள்ளையிடம் தகப்பனுடைய பாதி இருக்கிறது. தாயின் உடம்பு அதைக் கவனித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தாய்மார்களின் சீரம்தான் பிறகு பல வருடம் உலகெங்கும் எச்எல்ஏ வகை பார்க்க உதவியது. இன்று சீரம் வேண்டாம், மரபணுவையே நேராகப் படித்துவிடுகிறார்கள். அதனால்தான் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தாலே போதுமானதாகிவிட்டது.

ரத்த குரூப்பின் மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எச்எல்ஏ மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் ஒன்றாகச் சேர்ந்து இருக்கின்றன. ஒன்று வந்த வழிக்கும் மற்றது வந்த வழிக்கும் சம்பந்தமில்லை. எச்எல்ஏ அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு என்று கட்டாக வருகிறது. ஆகவே கூடப் பிறந்த ஒருவரோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். அக்காவுக்கு அந்த வாய்ப்பு விழுந்தது, அண்ணனுக்கு விழவில்லை. நாலு, ஐந்து பிள்ளைகள் இருந்த காலத்தில் யாராவது ஒருவர் சேர வாய்ப்பு அதிகம். ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்று ஆன பிறகு, வெளியே தேடாமல் வழியில்லை.

வெளியே தேடுவது லேசில்லை. ரத்த குரூப் ஏ, பி, ஏபி, ஓ என்று நாலு வகைதான். எச்எல்ஏ-யில் முக்கியமாகப் பார்ப்பவை ஐந்து மரபணுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, ஆக 10 இடம். ஒவ்வொரு இடத்திலும் வரக்கூடிய வகைகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். இந்தப் பத்தும் ஒத்துப்போகிற அந்நியர் ஒருவர் எங்கே கிடைப்பார்? பெரும்பாலும் நம் முன்னோர்களையே தன் முன்னோர்களாகக் கொண்டவர்களிடம்தான்.

இங்கேதான் மர்பி டவுன் வருகிறது. 1809 வாக்கில் பெங்களூர் கண்டோன்மெண்ட் உருவானபோது மதராஸ் பட்டாளத்தோடும் அதைச் சுற்றிய வேலைகளுக்காகவும் வட ஆற்காடு பக்கமிருந்து தமிழர்கள் வந்து குடியேறினார்கள். அல்சூர், மர்பி டவுன் தெருக்களில் இன்றும் தமிழ் கேட்பது அவர்களால்தான். தலைமுறைகள் பல கடந்து, கன்னடமும் சரளமாகப் பேசி, பெங்களூர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். எச்எல்ஏ மட்டும் இடம்பெயர்ந்ததைக் கணக்கில் வைப்பதில்லை. மர்பி டவுன் பையனுக்குப் பொருந்துபவர் குடியாத்தத்தில் இருக்கலாம், கோலாலம்பூரில் இருக்கலாம், பின்தெருவிலும் இருக்கலாம். மூல உயிரணு கொடுக்க முன்வருவோரின் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால்தான் தெரியும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் 1984-லும் 1987-லும் தமிழ்நாட்டு மக்களின் எச்எல்ஏ வகைகளைப் பற்றி ஆய்வுகள் வெளியிட்டார்கள். ஒரே வட்டாரத்தில், ஒரே மொழி பேசி வாழும் சமூகங்களுக்குள்ளேயே எச்எல்ஏ வகைகள் பரவியிருக்கும் விதம் வேறுபட்டிருந்தது. நூற்றாண்டுக்கணக்காகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்ததன் தடம் அது. இதிலிருந்து வருகிற முடிவு எனக்குத் தெளிவானது: தமிழர்கள் ஒரு லட்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. பதிவு முகாம்கள் பெரும்பாலும் கல்லூரிகளிலும் ஐடி கம்பெனிகளிலும் நடக்கின்றன. அங்கே யார் அதிகம் போகவில்லையோ, அவர்களின் எச்எல்ஏ பதிவேட்டிலும் குறைந்துவிடும். முகாம் வர வேண்டிய இடம் மர்பி டவுனும் அதைப் போன்ற தெருக்களும்.

1974-ல் லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், தன் மகன் ஆன்டனிக்காக உலகின் முதல் பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தம் கிடைக்காமலே 1979-ல் பிள்ளை இறந்தான். 1991-ல் ஜெர்மனியில் மெக்தில்ட் ஹார்ஃப் என்ற பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அந்த நாட்டில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 3,000 பேர். அவர் கணவர் தொடங்கிய டிகேஎம்எஸ் அந்த வருட முடிவுக்குள் 68,000 பேரைச் சேர்த்தது. மெக்தில்டைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று எட்டரைக் கோடிக்குள் மக்கள் உள்ள ஜெர்மனியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பதிவில் இருக்கிறார்கள். 140 கோடிப் பேர் உள்ள நம் நாட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. சென்னையில் 2009-லிருந்து தாத்ரி இயங்குகிறது. பெங்களூரில் டிகேஎம்எஸ்-ஸும், 1984-லிருந்து ரத்தப் பணியில் இருக்கும் பெங்களூர் மெடிக்கல் சர்வீசஸ் டிரஸ்டும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இருக்கிறது. டிரஸ்டின் ரத்த வங்கி, மர்பி டவுனிலிருந்து இந்திராநகரைத் தாண்டினால் வரும் திப்பசந்திராவில்தான்.

முழுப் பொருத்தம் கிடைக்காதவர்களுக்குத் தாயோ தகப்பனோ பாதிப் பொருத்தத்தில் கொடுக்கும் முறையும் இப்போது வளர்ந்திருக்கிறது, பலர் அதில் பிழைக்கிறார்கள். அதனால் பதிவேடு தேவையில்லை என்று ஆகிவிடாது. பணம் இன்னொரு தடை. மாற்று சிகிச்சைக்குப் பல லட்சம் ஆகும். தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு இதே சிகிச்சை செய்ய கோல் இந்தியா நிறுவனத்தின் திட்டம் 2017-லிருந்து 10 லட்சம் வரை உதவுகிறது. ஏழைத் தெருக்களில் பெயர் கேட்டுப் போகிறவர்கள், அதே தெருப் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைக்கவும் வழி சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கொடுப்பது எப்படி என்பதில்தான் பயம் அதிகம். முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், காலம் முழுக்க இடுப்பு வலிக்கும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. பெரும்பாலும் நடப்பது இது: நாலைந்து நாள் தினமும் ஜி-சிஎஸ்எஃப் என்ற மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவார்கள். எலும்புக்குள் ஒட்டியிருக்கும் மூல உயிரணுக்கள் பிடி தளர்ந்து ரத்தத்துக்குள் வரும். அந்த நாட்களில் ஃப்ளூ வந்தது மாதிரி உடம்பு வலிக்கும், இடுப்பும் முதுகும் குடையும், பாராசிட்டமால் போட்டால் தாங்கும். பிறகு ஒரு நாள் கட்டிலில் படுக்க வைத்து, ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போய், சுழன்று, மூல உயிரணு இருக்கும் படலம் மட்டும் பைக்குள் ஒதுங்க, மீதி ரத்தம் இன்னொரு கை வழியாகத் திரும்பி வரும். மூன்று, நாலு மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதடு சுருசுருவென்று மரத்தால் சொல்ல வேண்டும், கால்சியம் கொடுப்பார்கள். சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்துப் பின்னிடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை நேரடியாக எடுப்பார்கள். கொடுத்தது சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும். கொடுப்பவருக்குக் காசும் கிடையாது, செலவும் கிடையாது.

கடைசி நேரத்தில் பின்வாங்குவதுதான் பெரிய ஆபத்து. பதிவு செய்யும்போதோ பொருத்தம் தெரிந்து அழைக்கும்போதோ வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அது சட்டப்படியும் நியாயப்படியும் சரி. ஆனால் நோயாளியின் மஜ்ஜையை அழிக்கும் மருந்து தொடங்கிய பிறகு கொடுப்பவர் மறைந்துபோனால், நோயாளியிடம் பழைய ரத்தமும் இல்லை, புது ரத்தமும் இல்லை. அதனால் சந்தேகம் எல்லாவற்றையும் முகாமிலேயே கேட்டுத் தீர்த்துக்கொண்டு, அதன் பிறகு பஞ்சுக் குச்சியை வாயில் வைப்பது நல்லது. தயக்கம் தீராவிட்டால் ரத்த தானம் மட்டும் செய்துவிட்டு வரலாம். அதுவும் ஒரு தலசீமியாப் பிள்ளைக்குப் போகலாம்.

பதிவு செய்யும் வயது 18-ல் தொடங்குகிறது, அமைப்பைப் பொறுத்து 50, 55 வரை போகிறது. டாக்டர்கள் இளைஞர்களையே விரும்புகிறார்கள். இருபது வயதில் பெயர் கொடுத்தவருக்கு அழைப்பு வராமலே போகலாம், அடுத்த மாதமே வரலாம், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்தும் வரலாம். அதற்குள் வாடகை வீடு மாறியிருக்கும், சிம் மாறியிருக்கும், வேலைக்காக ஓசூருக்கோ துபாய்க்கோ போயிருப்பார். நம்பர் மாறினால் பதிவேட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லியும் வைக்க வேண்டும். அழைப்பு வரும் நாளில்தான் அம்மா முதல்முறையாகக் கேள்விப்படுகிறார் என்றால் பயந்து தடுக்கத்தான் செய்வார். முன்பே விவரம் தெரிந்த அம்மா, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவார்.